ரைடில் ஏறாதவர்கள்

நான் வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு விமானம் பிடித்து யாரும் வருவதில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்து, சாயங்காலம் தூங்கிவழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் எங்கள் கூட்டம். தொழிலில் இதை வட்டாரப் பூங்கா என்போம். உலகப் புகழ்பெற்ற பெரிய பூங்காவுக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ போவார். எங்களைப் போன்ற இடத்துக்கு அதே குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் பூங்காவே இல்லை. எந்த ரைடு வாங்குவது என்பதிலிருந்து எங்கே மரம் நடுவது என்பது வரை நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கும்.

ரைடு ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு மேற்பார்வையாளராகி, இப்போது புது இடங்களைத் திட்டமிடும் குழுவில் இருக்கிறேன். இத்தனை காலத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஒரு குடும்பம் திரும்பி வருமா வராதா என்பதை முடிவு செய்வது ரைடில் ஏறுகிறவர்கள் அல்ல, ஏறாதவர்கள்தான். முழங்கால் வலி உள்ள பாட்டி, கைக்குழந்தையோடு நிற்கும் அம்மா, மாசமாக இருக்கும் சித்தி, உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் பெரியப்பா. பைகளையும் செருப்புகளையும் காவல் காப்பது இவர்கள். நனைந்து வரும் பிள்ளைக்குத் துண்டை நீட்டுவது இவர்கள். "போதும், கிளம்பலாம்" என்று முதலில் சொல்வதும் இவர்கள்தான். வெயிலில் காலையிலிருந்து நின்றே களைத்த ஒரு பாட்டி, அடுத்த முறை பேரன் கேட்கும்போது "அங்கேயா, வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டால், கோடிக்கணக்கில் செலவு செய்து நிறுத்திய ரோலர் கோஸ்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

வட்டாரப் பூங்காக்களின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க, இது எனக்கு மட்டும் தோன்றியதில்லை என்று புரிந்தது. அவற்றில் பல, காத்திருப்பவர்களுக்காகவே பிறந்தவை. கலிஃபோர்னியாவில் வால்டர் நாட், கார்டீலியா நாட் தம்பதி பெர்ரிப் பழத்தோட்டம் வைத்திருந்தார்கள். வருமானம் போதாமல் 1934ல் கார்டீலியா கோழிக்கறிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குக் கூட்டம் குவிந்து, மணிக்கணக்கில் வரிசை நின்றது. நின்றவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று வால்டர் 1940ல் பழைய காலத்து மேற்கு அமெரிக்க ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதுதான் இன்றைய நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். சுற்றி வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதே 1968ல்தான்.

மிசௌரி மாநிலத்து சில்வர் டாலர் சிட்டியின் கதையும் இப்படித்தான். ஹெர்ஷெண்ட் குடும்பம் 1950ல் மார்வெல் குகையைக் குத்தகைக்கு எடுத்தது. குகைக்குள் ஒரு நேரத்தில் ஓர் அளவு பேரைத்தான் அழைத்துப் போக முடியும். மற்றவர்கள் மேலே காத்திருந்தார்கள். குத்தகை எடுத்த ஹியூகோ ஹெர்ஷெண்ட் 1955ல் இறந்துவிட, மனைவி மேரியும் இரண்டு மகன்களும் தொழிலை நடத்தினார்கள். காத்திருப்பவர்களுக்காக அவர்கள் 1960ல் குகை வாசலில் ஒரு சிறு கிராமத்தை எழுப்பினார்கள்: கொல்லர் பட்டறை, கடை, கைவினைஞர்கள். போகப்போக குகையைவிட கிராமம் பெரிதானது. திட்டக் கூட்டங்களில் நான் அடிக்கடி எடுத்துப் பேசுவது மேரியின் இந்தக் கதையைத்தான். காத்திருக்கும் நேரத்தை ஒரு தொல்லை என்று நினைக்காமல், அங்கே ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தவர் அவர்.

நம் நாட்டிலும் முதல் தலைமுறைப் பூங்காக்களைத் தொடங்கியவர்கள் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள்தான். தாம்பரத்துக்கு அருகே 1995ல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன். கொச்சிக்கு அருகே 2000ல் வீகாலேண்டைத் திறந்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி ஸ்டெபிலைசர் தயாரித்து முன்னுக்கு வந்தவர். அந்தப் பூங்கா இன்று வண்டர்லா.

எங்கள் பூங்கா வளர்ந்த விதத்தை, நான் வருவதற்கு முன்பே இருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் கதை கதையாகச் சொல்வார். முதலில் ஒரு பொம்மை ரயில், ஒரு ராட்டினம், மிதிபடகு விட ஒரு குளம், சுற்றிலும் மரங்கள். அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி இடம் என்று ஒன்றும் இல்லை. ரயிலில் எல்லாரும்தான் ஏறினார்கள். அப்புறம் தண்ணீர்ச் சறுக்குகள் வந்தன. அதோடு உடை மாற்றும் அறை, லாக்கர், குளியலறை, தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப விடும் ஆலை என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பூங்கா கூடவே வளர்ந்தது. சறுக்கு வாங்குவது சுலபம். ஆயிரம் பேர் ஈரத் துணியோடு ஒரே நேரத்தில் வெளியே வரும்போது தரை வழுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு ரோலர் கோஸ்டர். அதற்கு இடம் வேண்டும் என்று பழைய மரங்களில் ஒரு வரிசை போனது. அந்த ஆண்டு கூட்டம் கூடியது, உண்மைதான். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் குடும்பங்கள் வாசலை நோக்கி நடப்பதை நான் ரைடு ஏறும் மேடையிலிருந்தே பார்த்தேன். இளைஞர்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தார்கள். நிழல் போய்விட்டது, அதனால் பாட்டி போய்விட்டார், பாட்டி போனதால் வீடே கிளம்பிவிட்டது.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ரோலர் கோஸ்டரின் ஒரு ட்ரெயினில் 20 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நொடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 40 நடை, 800 பேர். அதே ட்ரெயின் 120 நொடிக்கு ஒன்றாகப் புறப்பட்டால் 600 பேர்தான். பத்து மணி நேர நாளில் 2,000 பேர் குறைகிறார்கள். இந்த 30 நொடி எங்கே போகிறது? மோட்டாரில் இல்லை, தண்டவாளத்தில் இல்லை. கழற்றிய செருப்பை எங்கே வைப்பது என்று ஒருவர் தேடும்போது போகிறது. மூக்குக்கண்ணாடியைப் பையில் போடுவதா, மனைவியிடம் கொடுப்பதா என்று யோசிக்கும்போது போகிறது. ஒரே குடும்பத்து ஐந்து பேர் நாலு பேர் உட்காரும் பெட்டியின் முன் நின்று, யார் தனியாக உட்காருவது என்று பேசிக்கொள்ளும்போது போகிறது.

இதற்காக ஆபரேட்டரை அவசரப்படுத்தினால் ஆபத்து. ஒவ்வொரு இருக்கையின் பாதுகாப்புக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அதில் ஒரு நொடிகூடக் குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மிச்சம் பிடிக்க வேண்டியது அதற்கு முன்னால். மேடைக்கு வருவதற்குப் பத்தடி முன்பே செருப்புக்கும் பைக்கும் அலமாரி வைத்தோம். வரிசையின் கடைசி வளைவில் ஒருவர் நின்று "எத்தனை பேர் சேர்ந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டுப் பெட்டிவாரியாகப் பிரித்துவிடுவார். அவ்வளவுதான். எந்த இயந்திரமும் மாற்றாமல் வரிசை கண்ணெதிரே குறைந்தது. கைக்குழந்தையோடு வருகிற தம்பதிக்கு ஒரு சீட்டு கொடுக்கும் வழக்கமும் அப்போதுதான் தொடங்கியது: முதலில் அப்பா ஏறலாம், அவர் இறங்கியதும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு அம்மா மறுபடி வரிசையில் நிற்காமல் நேராக ஏறலாம். அந்தச் சீட்டை வாங்கும் அம்மாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏறாதவர்களில் பாதிப் பேர் ஏற விரும்பாதவர்கள் இல்லை, யாரும் கேட்காமல் விட்டவர்கள்.

டிஸ்னிலேண்ட் யோசனை தனக்கு எப்படி வந்தது என்று வால்ட் டிஸ்னி சொன்னது எல்லாரும் அறிந்ததே. லாஸ் ஏஞ்சலீஸ் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் நினைத்தார். அதாவது அந்த நேரத்தில் அவரும் ரைடில் ஏறாதவர்தான். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது அவர் எடுத்த இன்னொரு முடிவும் எனக்குப் பிடிக்கும். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் முடிக்க நேரம் இல்லை. அவர் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்பதற்காகத்தான் குழாய் வைக்கவில்லை என்று திட்டு வாங்கினார். ஆனாலும் அது சரியான முடிவு என்று, பிள்ளைகளோடு நாள் முழுக்க அலைந்த எந்த அம்மாவும் சொல்வார்.

குளிர்பான விஷயத்தில் நான் பெரிதும் மதிப்பது இண்டியானா மாநிலத்தின் ஹாலிடே வேர்ல்டை. 1946ல் கிறிஸ்துமஸ் தாத்தாவான சாண்டா கிளாஸின் பெயரையே கொண்ட ஊரில் தொடங்கிய பூங்கா அது. சாண்டாவைத் தேடி அந்த ஊருக்கு வந்த பிள்ளைகள் அவர் இல்லாமல் ஏமாந்து போவதைப் பார்த்து லூயிஸ் காக் என்பவர் ஆரம்பித்தார். அவர் குடும்பம்தான் தொடர்ந்து நடத்துகிறது. 2000லிருந்து அங்கே குளிர்பானம் நாள் முழுக்க இலவசம். பாட்டிலுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருக்கும் அப்பாவின் முகமும், எண்ண வேண்டியதில்லை என்று தெரிந்த அப்பாவின் முகமும் எவ்வளவு வேறுபடும் என்பது வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

உயரக்கோல் பக்கம் ஒரு நாள் நின்றால் போதும், வட்டாரப் பூங்கா என்றால் என்னவென்று விளங்கிவிடும். பெரிய ரைடுக்கு 120 சென்டிமீட்டர். பாதுகாப்புக் கம்பி இடுப்பெலும்பில் பதிந்து பிடிக்க வேண்டும். உடம்பு சின்னதாக இருந்தால் பிடிப்பு நிற்காது. அதனால் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அளவில் நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. பிள்ளைகள் குதிகாலைத் தூக்குவார்கள், மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். உச்சிக் கொண்டையை அமுக்கித்தான் அளக்க வேண்டியிருக்கும். "ஒரு விரற்கடைதானே சார், விடுங்க" என்பார் அப்பா. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான்: அப்பாவிடம் வாதாடாதே, முதலில் குனிந்து பிள்ளையிடம் பேசு. "தம்பி, நீ இன்னும் இத்தனூண்டு வளரணும். அடுத்த வருஷம் வா, நானே ஏத்திவிடுறேன்." பெரும்பாலும் அழுகை அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டு வருகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். நேராகக் கோலுக்கு வந்து, முதுகை ஒட்டி நின்று, "அண்ணா, போன வருஷம் இங்க இருந்தேன்" என்று தலைக்குக் கீழே விரலால் காட்டுகிறார்கள்.

காலை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசல் திறக்கும் முன் தண்டவாளத்தைப் பார்ப்பது, போல்ட்களில் குறித்த கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, வெறும் ட்ரெயினைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது, லாக் புக்கில் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் ரைடு இல்லை. முதலாளியே வந்து கேட்டாலும் இல்லை.

நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் 1952ல் ஓவியர் ஆண்டன் பீக் வரைந்து வடிவமைத்த, தேவதைக் கதைக் காட்சிகள் நிறைந்த கதைக்காடு திறந்தது. அங்கே குண்டு மனிதன் வடிவில் பேசும் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு. "காகிதம் இங்கே" என்று கத்தும், வாயில் வைத்த காகிதத்தை உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்லும். பிள்ளைகள் அதற்கு ஊட்டுவதற்காகத் தரையில் கிடக்கும் காகிதத்தைத் தேடி ஓடுவார்கள். உயரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்து செய்யலாம். இதைவிடச் சிறந்த குடும்ப ரைடு எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் குழு ஒரு குடும்ப ரோலர் கோஸ்டருக்கு வரைபடம் போடுகிறது. பெரியவர் துணையோடு சிறு பிள்ளைகளும் ஏறக்கூடிய, தலைகீழாகப் போகாத வகை. செலவைக் குறைக்கும் பேச்சு வந்தபோது முதலில் அடிபட்டது நிழற்கூரையும் பெஞ்சுகளும். நான் விடவில்லை. பெஞ்சில் உட்காருகிறவருக்கு ட்ரெயின் புறப்படுவதும் தெரிய வேண்டும், பிள்ளை இறங்கி வரும் வழியும் தெரிய வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன். கழிப்பறை அங்கிருந்து எழுந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், பழைய மரங்களில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்றும் எழுதிக்கொடுத்தேன். கூரை மீண்டும் கணக்கில் வந்துவிட்டது. மரங்களுக்காகத் தண்டவாளத்தின் ஒரு வளைவைத் தள்ளிப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். கூரையின் தூண் பெஞ்சில் இருப்பவரின் பார்வையை மறைக்காமல் எங்கே நிற்பது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது.