ஏற்காட்டை உருவாக்கியது வெள்ளைக்காரன் இல்லை

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தும் கோபம் ஆறவில்லை. பஸ், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் ஏரிக்கரையில் நின்ற அந்த வேன் டிரைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"எல்லா பாயிண்டும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு சார்" என்றார். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடி குகை. சேர்வராயன் கோயிலைக் காணோம். கேட்டேன். "அதுக்குத் தனியா நானூறு ஆகும். அங்க என்னங்க இருக்கு, ஒரு குகை. இந்த ஊரே வெள்ளைக்காரன் வந்து உருவாக்குனது. அவன் உட்கார்ந்து பார்த்த இடத்தைப் பாருங்க, அதான் ஏற்காடு."

மொத்தம் 2,200 ரூபாய். எனக்கு அது இரண்டு நாள் அறை வாடகை. அந்தப் பணத்தைவிட அவர் சொன்ன வார்த்தைதான் அதிகமாகச் சுட்டது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் தங்கிய விடுதியின் வரவேற்பறைச் சுவரிலும் அதே கதைதான் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் வந்தார், காபி நட்டார், பேரிக்காய் நட்டார், ஊர் பிறந்தது. அதற்கு முன்னால் இங்கே யாருமே இல்லாத மாதிரி!

காக்பர்ன் காபி கொண்டுவந்தது உண்மை. 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று அடுத்தடுத்து வந்ததும் உண்மை. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் இங்கே தங்கிப் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. மலையின் கதையை நடுவிலிருந்து தொடங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறொரு ஆட்டோக்காரரிடம் பேசி, கோயிலுக்கு மட்டும் போய்வர 500 ரூபாய்க்கு முடித்தேன். அதுவும் அதிகம்தான். ஆனால் அவர் காத்திருந்தார், ஒரு முறைகூட ஹாரன் அடித்து அவசரப்படுத்தவில்லை.

கோயில் இருக்கும் உச்சி 5,300 அடிக்கு மேல். மேலே போனால் கூர்மையான சிகரம் எதுவும் இல்லை, பரந்து விரிந்த புல்வெளி. டிசம்பர் காற்று காதைப் பிய்த்தது. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போகப் போகப் பாறை இன்னும் தாழ்கிறது. தலைக்கு மேல் கை வைத்தால் ஈரம், விளக்குப் புகை படிந்த வழவழப்பு. எண்ணெய், கற்பூரம், மண் மூன்றும் கலந்த ஒரு வாசனை. சேர்வராயனும் காவேரி அம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும். இந்த மலைத்தொடருக்கே பெயர் கொடுத்த சாமி இவர். ஆங்கிலேயர்கள் 'ஷெவராய்' என்று எழுதிக்கொண்டதும் இவர் பெயரைத்தான். இவரைப் பார்க்க 'எக்ஸ்ட்ரா' கேட்கிறார்கள்.

சேர்வராயனைக் கும்பிடும் மலையாளி மக்கள் தமிழ் பேசும் பழங்குடிகள், கேரளத்துக்காரர்கள் இல்லை. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அரசுப் பட்டியலில் மாவட்டக் கணக்கு வைத்திருப்பதால், சேலத்தில் பழங்குடியாக இருக்கும் இதே மக்கள் ஈரோடு மாவட்டத்தில் பழங்குடி இல்லை! காகிதத்தில் ஒரு கோடு போட்டால் மலை இரண்டாகிவிடுமா? எனக்கு இதுவரை நியாயமே புரியாத விஷயம் இது.

திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் நிறுத்தச் சொன்னேன். இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு அங்கேதான். தகரக் கூரை போட்ட கடை, ஒரே ஒரு பெஞ்சு. ராகிக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் 60 ரூபாய். களியைக் கையில் உருட்டினால் ஒட்டவே இல்லை, அவ்வளவு பதம். குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது. முந்தின இரவு விடுதியில் 240 ரூபாய்க்கு வாங்கிப் பாதி வைத்துவிட்ட ஃபிரைடு ரைஸை நினைத்து வயிறு எரிந்தது.

கடைக்காரம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். கடைக்குப் பின்னால் அவர் வீட்டுக் களம். ஒரு பக்கம் ராகி காய்கிறது, பக்கத்திலேயே தார்ப்பாயில் காபிப் பழம்.

"ஆயா, இது எஸ்டேட் காபியா?"

"எஸ்டேட்டு எதுக்கு கண்ணு, எங்க காட்டுது. எங்க மாமனார் எஸ்டேட்ல கூலிக்குப் போனவரு. நாத்து எப்படிப் போடணும், எப்பக் கவாத்து பண்ணணும்னு அங்க கத்துக்கிட்டு வந்து இங்க வச்சாரு."

ஒரு பழத்தை எடுத்து நசுக்கிக் கையில் கொடுத்தார். சிவந்த தோலுக்குள் வழுவழுவென்று இரண்டு கொட்டைகள். நக்கிப் பார்த்தால் இனிப்பு. களத்தை ஒட்டிய சரிவில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. சில்வர் ஓக்கின் ஊர் ஆஸ்திரேலியா. காபி ஆப்பிரிக்காவில் பிறந்து அரேபியா வழியாக வந்தது. மிளகு நம் மலைகளுக்கே உரியது. மூன்றையும் ஒன்றாக வளர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தக் குடும்பம். காக்பர்ன் பெயரை விடுதிச் சுவரில் மாட்டியவர்கள் இந்த ஆயாவின் மாமனார் மாதிரி ஆட்கள் இல்லாமல் ஒரு செடியாவது நின்றிருக்குமா என்று யோசித்தார்களா? கடைசியில் அவர் வெல்லம் போட்டுக் கொடுத்த கடுங்காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர் மேல் உள்ள கோபத்தில் போகவில்லை, ஒரு வெள்ளைக்காரருக்காகவே போனேன். ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று உலகத்துக்குக் காட்டிய நிலவியலாளர். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியேறினார். 1912இல் காலமானார், அஸ்தி இந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவர், 'தினவர்த்தமானி' என்ற தமிழ் இதழை நடத்தியவர். பெர்சிவல் கண்ணை மூடியது ஏற்காட்டில்தான்.

கல்லறைகளுக்கு நடுவே நின்றபோது டிரைவர் சொன்னதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. இதே சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. எழுத்து வருவதற்கு முன்பே இங்கே மனிதர்கள் இருந்தார்கள். நம் மண்ணில் அந்தத் தேடலைத் தொடங்கி வைத்தவரே ஏற்காட்டில்தான் இருக்கிறார். எந்த வேனும் அங்கே நிற்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரும் சுற்றுலா பஸ்களாவது நிற்கலாம். சேர்வராயன் குகையையும் ஃபூட்டின் நினைவிடத்தையும் ஒரே நாளில் காட்டினால், இந்த மலையில் யார் முதலில் வந்தார்கள், பிறகு வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள், எதைத் தெரிந்துகொண்டார்கள் என்று பிள்ளைகளுக்கே புரியும்.

பஸ் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றபடியே கடந்தேன். பக்கத்தில் ஒரு பையன் வாந்தி எடுக்க, கண்டக்டர் பாலித்தீன் பையை நீட்டிவிட்டு டிக்கெட் கிழிப்பதைத் தொடர்ந்தார். ஞாயிறு மாலையில் இறங்காதீர்கள், உட்கார இடம் கிடைக்காது. சேலம் வந்ததும் தட்டுவடை செட் சாப்பிட்டுத்தான் கால் வலி போனது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. இதைத் தின்னாமல் சேலத்தைத் தாண்டிப் போகிறவர்களை என்ன சொல்வது!

கோடை விழா சமயத்தில் மேலே அறை வாடகை கண்டபடி ஏறிவிடும். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்குப் போகிறவர்கள் சேலத்திலேயே தங்கி, விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். மிளகும் காபியும் ஏரிக்கரைக் கடைகளில் வாங்காதீர்கள். கிராமத்துக் களங்களில் நேரே கேளுங்கள், அவர்களுக்கும் நல்ல விலை, நமக்கும் குறைவு. நான் அரைக் கிலோ மிளகு வாங்கினேன். மேலே ஒரு கைப்பிடி போட்டுத்தான் ஆயா பையைக் கட்டினார்.