முகப்பில் எழுதும் இரண்டெழுத்து

1984-ல் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, என்னை முதலில் பதிவறையில்தான் உட்கார வைத்தார்கள். பதிவறை என்றால் தண்டனைப் பணி என்பது அப்போதைய பேச்சு. இப்போதும் அப்படித்தான் என்று கேள்விப்படுகிறேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம், நடவடிக்கை முடிந்த ஒரு கோப்பின் முகப்பில் எழுத வேண்டிய இரண்டெழுத்தைப் பற்றியது. ஓ.மு. என்று எழுதினால் அந்தக் கோப்பு ஓராண்டுக்குப் பிறகு அழிக்கப்படலாம். மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. என்று எழுதிவிட்டால் அது நிரந்தரமாக இருக்க வேண்டும். பழைய ஆட்கள் இவற்றையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று சொல்வார்கள். "சந்தேகமாக இருந்தால் ஒரு படி மேலே போடு தம்பி, கீழே போடாதே" என்று எங்கள் பதிவறை எழுத்தர் சொல்லுவார். ஆனால் நடைமுறையில் எல்லோரும் கீழேதான் போட்டோம். நி.மு. என்று எழுதினால் பக்க எண் இட வேண்டும், தைக்க வேண்டும், அட்டவணையில் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் அலமாரியில் இடமும் தேட வேண்டும்.

தேசிய ஆவணக் காப்பகத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் அரசர்களின் ஓலை, வைசிராய்களின் கடிதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவையும் உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிற பெரும்பாலான காகிதம், எங்கோ ஒரு மேசையில் ஒரு குமாஸ்தா இதைப்போல் இரண்டெழுத்து எழுதி, அதனால் பிழைத்து வந்த காகிதம்தான். 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மெண்ட் என்ற பெயரில் தொடங்கிய அலுவலகம், தலைநகர் டெல்லிக்கு மாறியபின் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்டியன்ஸ் வடிவமைத்து 1926-ல் முடிந்த கட்டடத்துக்குப் போய், விடுதலைக்குப் பிறகு இன்றைய பெயரைப் பெற்றது. அது வெறும் கிடங்காக இல்லாமல் அதிகாரம் உள்ள அமைப்பாக ஆனது, என் கணக்கில், 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தின்படி அதற்கு உட்பட்ட ஒவ்வோர் அலுவலகமும் ஒருவரை ஆவண அலுவலராக நியமிக்க வேண்டும். 25 ஆண்டு கடந்த, நிலைத்த மதிப்புள்ள பதிவுகளை ஆய்வு செய்து காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். விதிகளில் சொன்ன முறைப்படி அல்லாமல் எதையும் அழிக்கக் கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு மிகவும் பிடித்த வரி இன்னொன்று உண்டு. 1892-க்கு முன் உருவான எந்தப் பதிவையும், அது எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று காப்பகத் தலைமை இயக்குநரே கருதினால் ஒழிய, அழிக்க முடியாது. அதாவது ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் காகிதத்தைப் பொறுத்தவரை, எங்களைப் போன்றவர்கள் இரண்டெழுத்து எழுதும் உரிமையையே சட்டம் பறித்துவிட்டது. நல்ல காரியம்.

இந்தச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் பொருந்துவது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறி, ஆல்பேட்டை, குண்டு உப்பலவாடி, தென்பெண்ணைப் பாலம் எல்லாம் கடந்து முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. அங்கே பலகைகளும் மதுக்கடைகளும் மாறுவதைப் பார்க்கிறோம். ஒரு காகிதத்தின் தலைவிதியை நிர்ணயிக்கிற சட்டமும் அங்கேயே மாறுகிறது என்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. இந்தப் பக்கம் இருப்பவை மாநில விதிகளின்படி சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நோக்கிப் போகும். அந்தப் பக்கம் தேசிய ஆவணக் காப்பகமே புதுச்சேரியில் ஒரு பதிவு மையத்தை வைத்திருக்கிறது. ஜெய்ப்பூரிலும் புவனேசுவரத்திலும் அதற்கு இத்தகைய மையங்கள் உண்டு.

குண்டு உப்பலவாடி என்றதும் இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து விற்கப்பட்டது. அப்படிக் கிடைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பார்ப்பதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளைச் சென்னை ஆவண அலுவலகம் பிற்காலத்தில் அச்சிட்டது. கல் போய்விட்டது, காகிதம் இருக்கிறது.

புதுச்சேரிக் காகிதங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஆவணங்களைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. வரலாற்று மதிப்புள்ள பதிவுகள் பிரெஞ்சு அரசின் வசம் இருக்கும், நிர்வாகத்துக்குத் தேவையான பதிவுகள் இந்திய அரசின் வசம் இருக்கும் என்பது அதன் சாரம். படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பதிவறையில் ஒரு வாரம் உட்கார்ந்தவனுக்கும் இதில் உள்ள சிக்கல் புரியும். ஒரு நிலவரிப் பதிவேடு எந்த நாளில் நிர்வாகமாக இருப்பதை நிறுத்திவிட்டு வரலாறாக மாறுகிறது? நாங்கள் கோப்பின் முகப்பில் தனித்தனியாகத் தடுமாறிய அதே கேள்வியை இரண்டு அரசுகள் ஒரே வரியில் தீர்த்துவிட்டன. விளைவு, பிரெஞ்சு இந்தியாவைப் பற்றி ஆராய்பவர் இன்று தென் பிரான்சில் எக்சான் புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் காப்பகத்துக்கும் போக வேண்டும், இங்கேயே தங்கிவிட்ட காகிதங்களுக்காகப் புதுச்சேரிக்கும் வர வேண்டும்.

பாதுகாப்பது என்பதைப் பலரும் பூட்டி வைப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, எங்கள் பதிவறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி போய்விட்டது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. நனைந்த கட்டுகளை வெளியே எடுத்து வெயிலில் காய வைக்கலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். அது தவறு என்று முன்பு ஒரு பயிற்சியில் கேட்டது நினைவுக்கு வந்தது. நேரடி வெயிலில் காகிதம் முறுக்கிக்கொண்டு, பிறகு தொட்டால் ஒடியும். நிழலில், மின்விசிறிக் காற்றில், சில தாள்களுக்கு ஒருமுறை ஒற்றுத்தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றி மாற்றித்தான் உலர்த்த வேண்டும். அதுவும் இரண்டு மூன்று நாட்களுக்குள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மின்சாரமே இல்லாத நாட்களில் மின்விசிறிக்கு எங்கே போவது? கிடைத்த பழைய செய்தித்தாளை இடையில் வைத்தோம். அதன் மை சில பக்கங்களில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கங்களில் இன்றும் அரசாணைக்குக் குறுக்கே ஒரு புடவைக் கடை விளம்பரம் மங்கலாகத் தெரியும்.

காப்பகத்தில் இதே வேலையை நிதானமாகச் செய்கிறார்கள். 22 முதல் 25 பாகை வெப்பமும் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமும் காகிதத்துக்கு ஏற்றவை என்பார்கள். எங்கள் கடற்கரைக் காற்று ஆண்டில் பெரும்பகுதி அதற்கு இடம் கொடுக்காது. பழைய இரும்பு மையில் உள்ள அமிலம் எழுத்தின் வடிவிலேயே தாளை அரித்துவிடுவதால், முதலில் சுண்ணாம்பு நீர் போன்ற காரக் கரைசலில் தாளை நனைத்து அமிலத்தை நீக்குகிறார்கள். பிறகு மெல்லிய டிஷ்யூத் தாளைப் பசையால் ஒட்டி வலுவூட்டுகிறார்கள். 1950-களில் நம் தேசிய ஆவணக் காப்பகத்திலேயே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். தாளின் இரு பக்கமும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தையும் அதன்மேல் டிஷ்யூத் தாளையும் வைத்து, பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒற்றினால் படலம் கரைந்து ஒட்டிக்கொள்ளும், எந்திரம் வேண்டாம். விலை உயர்ந்த எந்திரம் வாங்க முடியாத நாடுகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. பிற்காலத்தில் அந்தப் படலமே தாளுக்குக் கேடு என்று பல நாடுகளில் அதைக் கைவிட்டு, மீண்டும் பசைக்கும் மெல்லிய தாளுக்கும் திரும்பினார்கள். இந்தத் துறையில் திரும்ப எடுக்க முடியாத எதையும் தாள்மேல் ஒட்டாதே என்பதை இப்போது முதல் விதியாகச் சொல்வதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இனி மக்கள். கண்காட்சிகள் வைக்கிறார்கள், ஆய்வறையைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அபிலேக் படல் என்ற இணையதளத்தில் லட்சக்கணக்கான பதிவுகளின் விவரத்தை ஏற்றியிருக்கிறார்கள். இவை எல்லாம் தேவைதான். ஆனால் அந்தத் தளத்தில் நம் ஊரைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அட்டவணை எழுதிய அந்தக் கால எழுத்தர் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படிக் குறித்தாரோ அப்படியே தட்டச்சு செய்தால்தான் கதவு திறக்கும். தேவனாம்பட்டினம் அங்கே தெக்னாபட்டம் என்றும் இருக்கும், வேறு விதமாகவும் இருக்கும். தமிழில் தேடி நம் ஊர்க் கோப்பு ஒன்றை அடைய முடிகிற நாள் வரும்வரை, பொதுமக்களுக்காகத் திறந்துவிட்டோம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை என்பேன்.

மேலும், காப்பகத்தைத் தேடி வருகிறவர்கள் அனைவரும் ஆய்வாளர்கள் அல்லர். புதுச்சேரியில் 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. தாத்தா எழுதிக் கொடுத்தாரா, இல்லையா என்ற ஒரே கேள்வியின்மேல் பேரன்களின் வாழ்க்கை நிற்கிற வீடுகள் அங்கே உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய பதிவேட்டின் ஒரு வரி போதும்.

எங்கள் அலுவலகத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார். 2008-ல் நான் கண்காணிப்பாளராகவும் பொதுத் தகவல் அலுவலராகவும் இருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, தன் அப்பா 1980-களில் வீட்டுமனை கேட்டுக் கொடுத்த மனுவின் மேல் நடந்த விசாரணைக் கோப்பு வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்திருந்தார். கோப்பு இல்லை. அழிப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கோப்பு எண், பொருள், ஓ.மு., அழித்த தேதி என்று ஒரு வரி இருந்தது. விசாரணை நடந்த கோப்புக்கு ஓ.மு. போட்டிருக்கவே கூடாது. வரிசையின் கடைசியில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை விரலால் தடவிப் படித்தார். "எங்கப்பா பேரு இதுல இருக்குதுங்களே சார். இந்தப் பக்கத்தையாவது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க" என்றார். சான்றொப்பமிட்டு, இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்கு ரசீதும் போட்டுக் கொடுத்தேன்.