சுவருக்குள் ஒடிந்த நிப்பிள்: டைல்ஸ் உடைக்காமல் எடுத்தாச்சு

வாஷிங் மெஷின் குழாயைக் கழற்றும்போது சுவருக்குள் ஒடிந்துபோன எக்ஸ்டென்ஷன் நிப்பிள், அதாவது சுவருக்குள் இருக்கும் எல்போவையும் (வளைவுத் துண்டு) வெளியே உள்ள குழாயையும் இணைக்கும் குட்டி மரைத் துண்டு, ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க வந்த பிளம்பர், "அண்ணே, ரெண்டு டைல்ஸ் உடைக்கணும், எல்போவையே மாத்தணும். நாளைக்கு வாறேன்" என்று போனார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. விடியாததும் நல்லதுதான், அந்த மாடல் டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

ஒடிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே மஞ்சளே இல்லை, செம்பு நிறம். மலிவான பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனால் மிஞ்சுவது தொட்டால் உதிரும் செம்புதான். எங்கள் கிணறு செம்மண் கிணறு. மீன்தொட்டிக்கு வாங்கிய தாளை நனைத்துப் பார்த்தால் பி.எச். 6-க்குப் பக்கம்தான் காட்டும், அதாவது கொஞ்சம் அமிலத் தண்ணீர். மேலே பளபளக்கும் பூச்சை நம்பி வாங்கினால் இதுதான் கதி.

இனி எடுத்த விதம், ஆக்ஸா பிளேடால் (இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு) அறுத்துத்தான். ஒடிந்த துண்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போடலாமே என்பீர்கள். அது கூம்பு வடிவம், உள்ளே இறங்க இறங்க நிப்பிளை வெளிப்பக்கமாகத் தள்ளும். உளுத்த பித்தளை சுழலாமல் எல்போ மரையிலேயே இன்னும் இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் நிப்பிள் என்றால் ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கிக் குத்தி, ஆறவிட்டுத் திருகினால் வந்துவிடும். இங்கே சூடும் ஆகாது, எல்போ சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக், மரை மட்டும்தான் பித்தளை, சூடு பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். சுத்தியல் பேச்சே வேண்டாம்.

பிளேடைப் பாதியாக ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். பல் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும், இழுக்கும்போது மட்டும் வெட்டணும். நிப்பிளின் உள்சுவரில் நீளவாக்கில் ஒரு வெட்டு, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தையே. மயிரிழை தாண்டினால் எல்போவின் மரை போச்சு, அப்புறம் பிளம்பர் சொன்னபடி டைல்ஸ் உடைக்கத்தான் வேண்டும். நான் தூளைப் பார்த்து வெட்டினேன். நிப்பிளின் தூள் சிவப்பு, எல்போ மரையில் இருப்பது நல்ல பித்தளை, அதன் தூள் மஞ்சள். கொஞ்சம் வெட்டு, ஊது, செல்போன் டார்ச் அடித்துப் பார். முதல் மஞ்சள் பொடி மினுங்கியதும் கை நின்றுவிட வேண்டும். பிறகு இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள பட்டையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் உள்பக்கமாக நெம்பினால் மீதி தானாகத் தளர்ந்துவிடும். மூக்குக் குறடால் சுருட்டி எடுத்தேன். மரை புதுசு மாதிரி இருக்கிறது, பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளம்பரைக் குறை சொல்ல மாட்டேன் (வராததைத் தவிர). டைல்ஸை உடைத்து எல்போ மாற்றுவது அவருக்குக் கணக்குத் தெரிந்த வேலை. பிளேடோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தால் அவருக்குக் கூலி கட்டுப்படியாகாது. என் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது. அடைக்க ஒரு வால்வு இருந்து, வேலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் நான் இறங்கிவிடுவேன். சுவருக்குள் ஒட்டிய ஜாயின்ட், தரைக்கடியில் போகும் கழிவு லைன் என்றால் ஆள்தான்.

புது நிப்பிள் மார்த்தாண்டத்தில் வாங்கினேன், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது அதே பளபளப்பு ரகம், கையில் காற்றாகக் கனத்தது. அங்கேயே பைப் முனையை அடைக்கும் சி.பி.வி.சி. எண்ட் கேப்பும் இரண்டு, ரகம் மாறாமல் பார்த்து, வாங்கிப் போட்டேன். யு.பி.வி.சி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் பைப்பையும் அரை இஞ்ச் என்றுதான் சொல்வார்கள், ஆனால் வெளிவிட்டம் அதில் 21 மில்லிமீட்டருக்கு மேல், சி.பி.வி.சி.யில் 16-க்குக் கொஞ்சம் கீழே. ஒன்று மற்றதில் சேராது.

அடுத்தது கிணற்று ஃபுட் வால்வு, மோட்டார் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது. தினமும் காலையில் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, மணலும் ஏறுகிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் தண்ணீர் மேலே வந்துவிடும், அதற்கு முன் மாற்றணும். அம்மா, "மக்ளே, கெணத்துக்குள்ள மட்டும் நீ எறங்காத" என்று சொல்லிவிட்டார். அதற்கு ஆள் கூப்பிடுகிறேன், வேறொரு ஆள்.

குழாய் இன்னும் மாட்டவில்லை, நிப்பிளில் பிளக் போட்டு வைத்திருக்கிறேன். கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் குழாய் வாங்கி வைத்தாச்சு, ஆனால் அதற்குள் தண்ணீரை அடைக்கும் செராமிக் தட்டுக்கு மணல் ஆகாது. ஃபுட் வால்வு மாற்றும்வரை பழைய வாஷர் குழாயையே போடலாம் என்றிருக்கிறேன். வாஷர் தேய்ந்தால் சில ரூபாயில் முடிந்துவிடும்.