எட்டுக் குமிழ்களில் மோகனம்

தர்மபுரி நான்கு ரோடு அருகே நான் குடியிருக்கும் மாடி அறையில், வோல்டேஜால் ஒலியை ஆளும் ஒரு சிறிய அனலாக் சிந்தசைசரும் எட்டுப் படிகள் கொண்ட சீக்வென்சர் பெட்டி ஒன்றும் இவற்றை இணைக்கும் ஒரு கொத்துப் பேட்ச் ஒயர்களும் மூன்று மாதமாக மேசையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கீபோர்டு வாசித்துப் பழகியவன் என்பதால், சீக்வென்சர் என்றால் ஸ்வரங்களை மனப்பாடம் செய்து திரும்ப வாசிக்கும் பெட்டி என்றே நினைத்திருந்தேன். அதற்கு ஸ்வரம் என்ற ஒன்றே தெரியாது என்பது புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

வேகத்தை நிர்ணயிக்கும் கிளாக்கின் துடிப்பு வரும்போதெல்லாம் அது அடுத்த படிக்கு நகர்ந்து, அந்தப் படியின் குமிழ் எங்கே நிற்கிறதோ அதற்குரிய வோல்டேஜை வெளியே அனுப்புகிறது. அதை, ஒலியை எழுப்பும் ஆசிலேட்டரில் செருகினால் சுருதி மாறும். ஃபில்டரில் செருகினால் ஒலியின் நிறம் மாறும். முதல் நாள் ஒலியைத் திறந்தே வைத்துவிட்டு, சுருதி ஒயரை மட்டும் செருகி, ஸ்வரம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று சொல்லும் கேட் ஒயரை மறந்துவிட்டேன். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஒலி இடைவிடாமல் நீண்டது. உள்ளே சுருதி மட்டும் தாவித் தாவி மாறிக்கொண்டிருந்தது. கேட்டை, ஒலி எழுந்து அடங்கும் வடிவைத் தரும் என்வெலப்புக்கும், என்வெலப்பை ஒலியளவைக் கட்டுப்படுத்தும் விசிஏவுக்கும் கொடுத்த பிறகே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழுந்தது.

உண்மையான சோதனை சுருதி சேர்ப்பதில்தான் இருந்தது. ராபர்ட் மூக் 1960களில் பரவலாக்கிய முறைப்படி ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள், ஆகவே ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். என் பெட்டியின் குமிழ் 300 டிகிரி சுற்றுக்குள் 5 வோல்ட்டைக் கடந்துவிடுவதால், ஒரு ஸ்தானத்துக்குக் கிடைப்பது 5 டிகிரிதான். விரல் நடுங்கினால் ரிஷபம் காந்தாரமாகிவிடும். வீச்சு சுவிட்சை 2 வோல்ட்டுக்கு மாற்றியதும் அது 12 டிகிரிக்கும் சற்று மேலாயிற்று. ஓடவிட்டுக்கொண்டே திருகுவதை நிறுத்தி, கிளாக்கைக் கழற்றி, ஒவ்வொரு படியாகக் கையால் நகர்த்தி, 2 வோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டரால் அளந்தேன். (20 வோல்ட் அளவில் வைத்தால் 10 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த வித்தியாசத்தை மீட்டர் காட்டாது, அதில் ஒரு மாலை போயிற்று.)

தானாக ஸ்தானத்தில் உட்காரவைக்கும் வசதி இல்லையே என்று எரிச்சல்பட்ட நான், அது இல்லாததே நல்லது என்று கண்டுகொண்டது இங்கேதான். ஷட்ஜத்தை 0 என்று கொண்டால், கீபோர்டின் அந்தர காந்தாரம் 333 மில்லிவோல்ட்டில் நிற்கும். தம்புராவோடு இழையும் ஐந்துக்கு நான்கு விகிதக் காந்தாரமோ 322இல் இருக்கிறது. பதினொரு மில்லிவோல்ட் குறைத்ததும், பின்னணியில் ஒலித்த தம்புராவோடு இருந்த உரசல் அடங்கியது. ரிஷபம் 170, பஞ்சமம் 585, தைவதம் 737, மேல் ஷட்ஜம் 1000 என்று மோகன ராகத்தை நிரப்பினேன். கமகம் இல்லாத மோகனம் வெறும் எலும்புக்கூடுதான், ஒப்புக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் அறை கொதித்தால் ஆசிலேட்டரும் நழுவும் என்பதால், இருபது நிமிடம் சூடேறவிட்ட பிறகே மீட்டரை எடுக்கிறேன்.

பிறகு ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்துக்கு ஆசைப்பட்டேன். ஒரு படியின் கேட்டை ரீசெட்டில் செருகினால் வரிசை அங்கேயே முதல் படிக்குத் திரும்பும். ஏழு வேண்டுமென்று ஏழாம் படியிலிருந்து ஒயரை இழுத்துவிட்டு, பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த, தவில் வாசிக்கும் தாய்மாமனைக் கேட்கச் சொன்னேன். தொடையில் இரண்டு சுற்று தட்டிப் பார்த்தவர், “மாப்ளே, இது ஆறுதான் போவுது, ஒண்ணை முழுங்குது” என்றார். ஏழாம் படி பிறந்த கணமே ரீசெட் ஆகிவிடுவதால் அது ஒலிக்க நேரமே இல்லை. ஒயரை எட்டாம் துளைக்கு மாற்றினேன். மாமாவின் கை தகிட, தக, திமி என்று மூன்று, இரண்டு, இரண்டாகப் பிரித்துத் தட்டத் தொடங்கியது.