ரீடிங் எழுதுகிற ஆளாக மட்டும் இருக்காதீர்கள்

இந்த வருடம் பி.எஸ்சி. சேரும் தங்கைகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது மார்க் பற்றி இல்லை, லேப் பற்றி. இயற்பியல் லேபில் நாலு பேரை ஒரு பேட்ச் ஆக்குவார்கள், பையன்கள் இருந்தால் நேராகப் போய்க் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ ரீடிங் எழுது" என்று அப்சர்வேஷன் நோட்டு நம் கைக்கு வந்துவிடும். கேட்க என்னவோ பாராட்டு மாதிரித்தான் இருக்கும். மூன்று வருடம் இப்படியே ஓடினால் நோட்டு பளிச்சென்று இருக்கும், ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொட்டிருக்க மாட்டோம். மகளிர் கல்லூரியிலும் இது உண்டு, என்ன, அங்கே பயப்படாத ஒருத்தியே எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பாள்.

அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைப் பார்த்தபடியே பிரிசம் வைத்த மேசையை மெல்லத் திருப்பினால், கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பும். நாம் மேசையை அதே திசையில்தான் திருப்பிக்கொண்டிருப்போம்! பிரிசம் ஒளியை மிகக் குறைவாக வளைக்கும் இடம் அது, புத்தகத்தில் குறைந்தபட்ச விலகுகோணம் என்று நாலு வரியில் போட்டிருப்பது இதைத்தான். கண்ணால் பார்த்தவளுக்கு அது மறக்காது. அதனால் சண்டை போட்டாவது முறை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் நீ எழுது, அடுத்த வாரம் நான்.

அப்புறம் கோடை விடுமுறை. பெங்களூர், டெல்லி, அலகாபாத்தில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு கோடை ஆய்வுப் பயிற்சி தருகின்றன. ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை, உதவித்தொகையும் உண்டு. கோடைதானே என்று மார்ச் வரை காத்திருக்காதீர்கள், விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். அதற்கு உங்கள் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். வகுப்பில் வாயே திறக்காமல் நல்ல மார்க் மட்டும் வாங்கியவளைப் பற்றி அவர் என்ன எழுதுவார், 'ஒழுக்கமான பெண்' என்று எழுதுவார். அதை வைத்து எந்த லேபும் கூப்பிடாது. கேள்வி கேளுங்கள். ஆங்கிலம் வரவில்லையா, தமிழிலேயே கேளுங்கள், வாத்தியாருக்குத் தமிழ் தெரியும்.

விதிமுறைகளையும் வரி விடாமல் படிக்கப் பழகுங்கள். இயற்பியலாளர் அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1939-இல் பட்டம் வாங்கியவர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் சேர்ந்து வைரத்தையும் மாணிக்கத்தையும் வைத்து ஆராய்ச்சி செய்து, கட்டுரைகள் வெளியிட்டு, ஆய்வேடும் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதோடு நிற்கவில்லை, இந்திய வானிலைத் துறைக்குப் போய் அங்கே கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார் என்பது வேறு கதை. எல்லோரும் அவர் ஆகிவிட முடியாது, எனவே தகுதி, கடைசித் தேதி இரண்டையும் முதல் வருடத்திலேயே ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது என்பதே பல கல்லூரிகளில் கடைசி செமஸ்டரில்தான் பேச்சில் வருகிறது, அதற்குள் அந்த வருடத் தேர்வே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வருவோம். "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கேட்பார்கள், கூடவே கல்யாணப் பேச்சும் வரும். பெண் விடுதலை பற்றியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், பிஎச்.டி. செய்யச் சம்பளம் மாதிரி மாதாமாதம் பணம் தருவார்கள் என்று சொல்லுங்கள். பல வீடுகளில் இது யாருக்கும் தெரியாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.