மேட்ச் பாயிண்டில் நின்றுபோன ஆட்டம்: ஒரு மெத்வதேவ் ரசிகையின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 25, 2025

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். அமெரிக்க ஓபன் டென்னிஸ் முதல் சுற்றில் ரஷ்ய வீரன் மெத்வதேவ் தோற்றுவிட்டான். பிரான்ஸின் பெஞ்சமின் போன்ஸியிடம் 6-3, 7-5, 6-7, 0-6, 6-4. விம்பிள்டன் முதல் சுற்றிலும் இதே போன்ஸிதான் வீட்டுக்கு அனுப்பினார். 2021-ல் இதே நியூயார்க்கில் ஜோகோவிச்சை நேர் செட்களில் வீழ்த்திக் கோப்பை வாங்கியவன், இந்த வருடம் பாரிஸ், லண்டன், நியூயார்க் மூன்றிலும் முதல் ஆட்டத்தோடு சரி.

தோற்றதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது செட், 5-4, போன்ஸிக்கு மேட்ச் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இரண்டு சர்வ் வாய்ப்பு, முதலாவது தவறிவிட்டது. இரண்டாவது போடப் போகும் நேரத்தில் ஒரு புகைப்படக்காரர் கோர்ட்டுக்குள் கால் வைத்துவிட்டார். நடுவர் கிரெக் ஆலன்ஸ்வொர்த் போன்ஸிக்கு மறுபடி முதல் சர்வ் கொடுத்தார். வெளியிலிருந்து இடைஞ்சல் வந்தால் அப்படித்தான் கொடுப்பார்கள், விதி அது. என் ஆளுக்கு அதுவா முக்கியம்? நேராக நடுவர் நாற்காலிக்குப் போய் "நீ ஒரு ஆம்பளையா, ஏன் நடுங்குகிறாய்" என்று கேட்டான். கேமராவைப் பார்த்து, இவருக்கு மணிக்கணக்கில் இல்லை, ஆட்டக் கணக்கில்தான் சம்பளம், அதனால்தான் சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பார்க்கிறார் என்றான். கூட்டம் கத்த ஆரம்பித்தது, இவன் இரண்டு கையையும் தூக்கி இன்னும் கத்துங்கள் என்று ஏற்றிவிட்டான். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றது.

அந்த ஆறு நிமிடமும் போன்ஸி பேஸ்லைன் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஆனால் சர்வ் போட முடியாது. நான் யாருக்காக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ அவனைப் பார்க்கப் பிடிக்காமல் போன்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த மேட்ச் பாயிண்டை மெத்வதேவ் காப்பாற்றி, செட்டையும் எடுத்து, நாலாவதை 6-0 என்று முடித்தபோது நான் எழுந்து நின்று கை தட்டினேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 26

அண்ணன் போன் செய்தான். அவன் ஸ்பெயின் வீரர் நடாலின் கட்சி, நடால் ஓய்வு பெற்ற பிறகும் அதே கட்சி.

"உன் ஆளு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ராக்கெட்டை உடைத்ததைப் பார்த்தாயா? எங்க ஆளு இருபது வருடத்துக்கு மேல் ஆடினான், ஒரு ராக்கெட்டாவது உடைத்திருப்பானா?"

இல்லை, உடைத்ததில்லை. அது உண்மை, அதற்கு என்னிடம் பதில் கிடையாது. நடாலின் அப்பாவுடன் பிறந்தவரும் பயிற்சியாளருமான டோனி சின்ன வயதிலேயே போட்ட கட்டுப்பாடு அது. ஃபெடரர் 2009-ல் மயாமியில் ஒன்றை உடைத்தாரே என்று சொல்லிப் பார்த்தேன். "ஒன்று" என்றான் அண்ணன்.

ராக்கெட் உடைப்பது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை என்று சொன்னேன். சைப்ரஸ் வீரர் பக்பதிஸ் 2012 ஆஸ்திரேலிய ஓபனில் வரிசையாக நாலு ராக்கெட்டை உடைத்தார், சிலது உறைகூடப் பிரிக்காதது. பார்க்க வருத்தமாக இருக்கும், ஆனால் அது அவருடைய ராக்கெட், யார் மேலும் படவில்லை, அபராதத்தையும் அவரே கட்டிவிட்டுப் போகிறார். நடுவரைக் கேட்ட கேள்வி அப்படியா? அவர் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. எச்சரிக்கை, அடுத்து ஒரு பாயிண்டைப் பறிப்பது, அடுத்து ஒரு கேமைப் பறிப்பது, அவர் கையில் இருப்பது அவ்வளவுதான்.

"அப்புறம் ஏன் அவனுக்கு ரசிகையாக இருக்கிறாய்?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28

அபராதம் வந்துவிட்டது. 42,500 டாலர். நடத்தைக்கு 30,000, ராக்கெட்டுக்கு 12,500. ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் 76,000 கட்டியவன், அதில் வலையில் இருந்த கேமராவை உடைத்ததும் சேர்த்தி. அந்தப் புகைப்படக்காரரின் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அவர் அந்தப் போட்டியில் இனி வேலை செய்ய முடியாது, மெத்வதேவ் அடுத்த போட்டிக்குப் போய்விடுவான்.

அண்ணன் கேட்டதற்குப் பதில். நான் ரசிகை ஆனதே 2019 அமெரிக்க ஓபனில்தான். மூன்றாவது சுற்றில் பந்து எடுக்கும் ஆளிடமிருந்து துண்டை வெடுக்கென்று பிடுங்கி, கூட்டத்துக்கு விரலைக் காட்டி, அரங்கம் முழுக்கக் கூச்சல் போட்டபோது, உங்கள் சக்தியில்தான் ஜெயித்தேன் என்று மைக்கில் நன்றி சொன்னானே, அன்றைக்கு. அது நல்ல நடத்தை இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் எதிராக நிற்கும்போது கூசாமல் நின்றவனை என்னால் கண்ணை எடுக்காமல் பார்க்கத்தான் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் அண்ணனின் நடாலுக்கு எதிராக இரண்டு செட் பின்தங்கி ஐந்தாவது வரை இழுத்தான். அந்தக் கூட்டமே கடைசியில் இவன் பேரைச் சொல்லிக் கத்தியது. எந்த நெருப்பு அவனை ஐந்தாவது செட்டுக்கு இழுத்துப் போனதோ அதேதான் நடுவர் மேலும் பாய்கிறது, இதை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேற்று லாட்வியாவின் ஒஸ்டாபென்கோவும் அமெரிக்காவின் டெய்லர் டவுன்சென்டும் ஆட்டம் முடிந்து வலை அருகே சண்டை. டவுன்சென்ட் அடித்த பந்து வலையில் பட்டு உள்ளே விழுந்ததற்குக் கை தூக்கி மன்னிப்புச் சொல்லவில்லையாம். அது மரியாதைதான், விதி இல்லை. அதற்குப் போய் "படிப்பு இல்லை" என்று ஒரு கறுப்பினப் பெண்ணிடம் சொல்வதா? (பிறகு சேர்த்தது: ஆகஸ்ட் 30-ல் ஒஸ்டாபென்கோ மன்னிப்புக் கேட்டார்.) டவுன்சென்ட் நிதானமாகப் பேசியதை இரண்டு தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

2018 அமெரிக்க ஓபன் பெண்கள் இறுதி ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், செரீனாவும் ஒசாகாவும். பயிற்சியாளர் சைகை செய்தார் என்று செரீனாவுக்கு எச்சரிக்கை, ராக்கெட் உடைத்ததற்கு ஒரு பாயிண்ட் பறிபோனது, நடுவர் கார்லோஸ் ராமோஸைத் திருடன் என்றதற்கு ஒரு கேம் பறிபோனது. இன்றைக்கு அரங்கிலிருந்து பயிற்சியாளர் சொல்லித் தரலாம், அன்றைக்கு அது குற்றம். ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசியும் ஒரு கேம் போகவில்லையே என்று செரீனா கேட்டது எனக்கு அப்போதும் நியாயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது.

ஆனால் பரிசளிப்பில் இருபது வயது ஒசாகா தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுகிறாள். முதல் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்த பெண் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே நின்று அழுகிறாள். செரீனாவே அணைத்துக்கொண்டு, கூச்சல் போடாதீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். கோபத்தில் நியாயம் இருந்தாலும் அது எதிரில் நிற்பவளின் நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிடுகிறது. போன்ஸி ஐந்து செட் ஆடி ஜெயித்தார், நான் பார்த்த எந்தச் செய்தித் தலைப்பிலும் அவர் பெயர் முதலில் இல்லை.

செப்டம்பர் 1

மெத்வதேவும் பயிற்சியாளர் ஜில் செர்வாராவும் பிரிந்துவிட்டார்கள். 2021 ஆஸ்திரேலிய ஓபனில் ஆட்டத்தின் நடுவே இவன் கத்தியதைக் கேட்டு, அவர் எழுந்து அரங்கை விட்டு வெளியே போனது நினைவிருக்கிறது. இவன் தானாக அமைதி ஆகட்டும் என்றுதான் போனார். அன்றைக்கு ஐந்து செட்டில் ஜெயித்தான். இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டவருக்கு என்னால் நன்றிதான் சொல்ல முடியும்.

செப்டம்பர் 7

அமெரிக்க ஓபன் பெண்கள் இறுதியில் சபலென்கா ஜெயித்தாள், அனிசிமோவாவை 6-3, 7-6. இரண்டாவது செட் 5-4, கோப்பைக்காக சர்வ், 30-30, இன்னும் இரண்டு பாயிண்ட்தான். தலைக்கு மேல் வந்த சுலபமான பந்தை வலையில் அடித்தாள். நான் உடனே அவள் கையைத்தான் பார்த்தேன். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் கீஸிடம் தோற்றதும் ராக்கெட்டை அடித்து நொறுக்கியவள். பாரிஸில் கோகோ காஃபிடம் தோற்றுவிட்டு, தன் தவறுகளால்தான் காஃப் ஜெயித்தாள் என்ற மாதிரி பேசி, பிறகு வருந்தியவள். சர்வை இழந்தாள். ராக்கெட் முழுசாகத்தான் இருந்தது. 6-6 ஆனதும் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்கை 7-3 என்று எடுத்துவிட்டு முழங்காலில் விழுந்தாள்.

அண்ணனுக்கு அனுப்பினேன். "அவ கத்துக்கிட்டா, உன் ஆளு?" என்று பதில் வந்தது.

அக்டோபர் 20

கஜகஸ்தானின் அல்மாட்டியில் மெத்வதேவுக்குக் கோப்பை! இறுதியில் பிரான்ஸின் மூட்டேவை 7-5, 4-6, 6-3. 2023 ரோமுக்குப் பிறகு முதல் பட்டம், இரண்டரை வருடம் ஆகப் போகிறது. நான் பார்ப்பதற்குள் அண்ணனே போன் செய்துவிட்டான். "ஜெயிச்சிட்டான்," என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. முழு ஆட்டத்தையும் இன்றைக்கு ராத்திரி பார்க்கப் போகிறேன், நடுவர் பக்கம் அவன் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைக் கலக்கும், தெரிந்துதான் உட்காரப் போகிறேன்.