மறைந்துபோன சன்னல்

"அந்தச் சன்னல் மறையுதே தம்பி, பரவாயில்லையா?" என்று அலமாரி போடச் சொன்ன அம்மா கேட்டார். "அதான் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுறோமே அம்மா, அது போதும்" என்றேன். கையிலிருந்த டேப்பைக்கூடக் கீழே வைக்காமல் சொன்ன பதில். மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை.

எபாக்சி ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் இறுகிக் கண்ணாடிபோல ஆகும் பிசினில், நகை செய்கிறவர் அவர். அச்சு, நிறப்பொடி, பாட்டில் என்று எல்லாம் தரையில் இறைந்து கிடந்தன. அலமாரி சுவர் முழுக்க வந்தால்தான் அத்தனைக்கும் இடம் இருக்கும். ஒரு சன்னலில் ஃபேன் வந்துவிட்டது, அந்தச் சுவரில்தான் இரண்டாவது சன்னல் இருந்தது. வேலை முடிந்த அன்று அறை அவ்வளவு அழகாக இருந்தது. அதன் படத்தை எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் காட்டியிருக்கிறேன்.

அலமாரியைக் கழற்ற வரச் சொல்லி இந்த வருடம் கூப்பிட்டார். விரலிடுக்கெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள், இமைகள் வீங்கியிருந்தன. எபாக்சி ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். இது ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அப்புறம் துளி பட்டாலே உடம்பு பொங்கிவிடும். தொழிலை விட்டுவிட்டார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

கழற்றுவதற்கு முன்னால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அவருடைய மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாடை வீட்டுக்குள் போகக்கூடாது என்று அவர் எப்போதும் செய்வதுபோலக் கதவை இறுகச் சாத்தியிருந்தேன். புகை நேராக மேலே எழுந்து அங்கேயே சுற்றியது. உள்ளே காற்று வர வழியில்லை என்றால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? கதவை நாலு விரல் திறந்ததும் புகை ஃபேன் பக்கம் சாய்ந்தது, ஆனால் அவர் உட்காரும் நாற்காலியைத் தாண்டித்தான் போனது. மேசைக்கும் ஃபேனுக்கும் நடுவில் அவர் முகம் இருந்திருக்கிறது. மேசை எங்கே வரவேண்டும் என்று குறித்துக் கொடுத்தவன் நான்.

சரி, எல்லாம் என் தப்புதானா? எபாக்சி ஒவ்வாமை பெரும்பாலும் தோல் வழியாகத்தான் வருகிறது. ரெசினோ, அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரோ கையில் படுவதுதான் முக்கியக் காரணம். அலமாரிக் கைப்பிடியில் இறுகிப்போன ரெசின் துளி ஒன்று இருந்தது, அதற்குள் தெளிவாக ஒரு விரல் ரேகை. வெறுங்கையால் வேலை செய்திருக்கிறார். சன்னல் இருந்திருந்தாலும் அந்தக் கையை அது காப்பாற்றியிருக்காது. கையுறை போடச் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் லேடெக்ஸ் சரிப்படாது, நைட்ரைல் வாங்குங்கள் என்று சொன்னேனா? சொல்லவில்லை. "போதும்" என்ற என் ஒரு வார்த்தைதான் இனி எதற்கும் பயமில்லை என்ற தைரியத்தை அவருக்குக் கொடுத்ததோ என்றும் தோன்றுகிறது. ஆனால் இமை வீங்கியது எதனால்? ஆவியாலும் வீங்கும், ரெசின் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தாலும் வீங்கும். எனக்கு இனி தெரியப்போவதில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் பார்த்துவிட்டுத்தான் அலமாரிக்கு அளவெடுக்கிறேன். உறிஞ்சும் குழாயை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவருகிறேன், ஏனென்றால் குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே இழுப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். என்95 மாஸ்க் தூசிக்குத்தான், ரெசின் ஆவியை அது நிறுத்தாது என்று கேட்காமலே சொல்கிறேன். சிலருக்குச் சலிப்பாக இருக்கிறது. ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், அது பரவாயில்லை.

ஆனால் போன மாதம் மரச்சிற்பம் செய்யும் ஒருவர் வீட்டில் உளிகளை மாட்டப் பலகை கேட்டார்கள். இருந்த ஒரே நல்ல சுவரில் சன்னல். உப்புத்தாள் தேய்க்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மரத்தூள் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்று அரை மணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில், "வேற இடமே இல்ல சார், கொஞ்சம் மறைஞ்சா பரவாயில்லையா?" என்றார்.

டேப்பைக் கீழே வைத்தேன். சன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தேன்.

"பாதிதானே மறையுது" என்றேன்.